இன்ஜினை வீட்டிலேயே பிரித்துப் பூட்டலாமா?

கேள்வி: ஐயா, என் அப்பா 1997-இல் புதிதாக வாங்கிய மாருதி 800 இன்னும் எங்களிடம் இருக்கிறது. கார்புரேட்டர் மாடல். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு வருடமாக நீலப்புகை வருகிறது. முக்கியமாக, மேட்டுப்பாளையம் இறங்கிப் போகும்போது கல்லாறு தாண்டி ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கும் அளவுக்குப் புகை. 700 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுகிறேன். மெக்கானிக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தார். மூன்று சிலிண்டருக்கும் முறையே 132, 88, 130 பி.எஸ்.ஐ. “மூன்றுமே போய்விட்டது, இன்ஜினை இறக்கித்தான் ஆகவேண்டும்” என்கிறார். நான் பள்ளி ஆசிரியர். கல்லூரி நாளில் ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். வீட்டில் கார் ஷெட் உண்டு. நானே செய்யலாமா? பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் செட் மட்டும் மாற்றினால் போதுமா? காரைக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். 74 வயது அப்பாவுக்கு மனம் வரவில்லை.
– வாசகர், குன்னூர்

பதில்: வணக்கம். நீங்களே செய்யலாம். கோவையில் முப்பது வருடமாக இன்ஜின் வேலையே பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், முதன்முதலாகக் கார் இன்ஜினில் கை வைப்பவருக்கு மாருதி 800-ஐ விட நல்ல பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், ஆறே வால்வு, மேலே வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம்ஷாஃப்ட். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். 1983 முதல் 2014 ஜனவரி வரை இந்தக் காரைச் செய்தார்கள். அதனால் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் எதற்கும் அலைய வேண்டியதில்லை.

ஆனால் நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா? உங்கள் கடிதத்தைப் படித்தவரையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த மூன்று எண்களையும் எடுத்துக்கொள்வோம். நீங்கள் இருப்பது குன்னூரில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சிலிண்டருக்குள் போகிற காற்று குறைந்தால் அழுத்திக் கிடைக்கும் எண்ணும் குறையத்தானே செய்யும்? கோவையில் 160 காட்டுகிற ஆரோக்கியமான இன்ஜினை மலைமேல் கொண்டுபோய் அதே கேஜை மாட்டினால் 130 அளவில்தான் காட்டும். சமவெளிக்கு எழுதிய எண்ணை வைத்துக்கொண்டு உங்கள் இன்ஜினைத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். என் கணக்கில் முதல் சிலிண்டரும் மூன்றாவது சிலிண்டரும் இந்த வயதுக்கு மிக நன்றாகவே இருக்கின்றன. நோய் இரண்டாவதில் இருக்கிறது. அதுவும் என்ன நோய் என்று இன்னும் தெரியாது.

அடுத்தது புகை. மலைப்பாதையைப் போல இன்ஜினைச் சோதித்துக் காட்டும் கருவி எந்தப் பட்டறையிலும் இல்லை. கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, பர்லியாறு வழியாகக் கல்லாறு வரை இறங்குகிறீர்கள். அவ்வளவு நேரமும் கார்புரேட்டரின் கதவு மூடியிருக்கிறது. பிஸ்டன் இழுக்கிறது, காற்று வருவதற்கு வழி இல்லை. இன்டேக் பக்கம் பலமான வெற்றிடம் உண்டாகிறது. வால்வுத் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் காய்ந்து கெட்டியாகியிருந்தால், அந்த வெற்றிடம் ஹெட்டின் மேலே இருக்கும் ஆயிலைத் தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே உறிஞ்சும். அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சேர்ந்திருந்த ஆயில் மொத்தமும் எரிந்து நீலப்புகையாக வரும். ரிங் தேய்ந்த இன்ஜின் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பாரத்தோடு மலை ஏறும்போது விடாமல் புகைக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகைவண்டி மாதிரி அங்கிருந்தும் ஊதும்.

ஏற்றத்தில் புகை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கவனித்துப் பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு வாய்ப் புகை வந்து நின்றுவிடுகிறதா என்பதையும் பாருங்கள். அதுவும் வால்வு சீலின் அடையாளம்தான். புகை நீலமா கறுப்பா என்பதை வெள்ளைச் சுவர் முன் நிறுத்திப் பாருங்கள். கறுப்பு என்றால் ஆயில் அல்ல, பெட்ரோல். கார்புரேட்டர் வண்டி உயரத்தில் தானாகவே பெட்ரோலைக் கூடுதலாக எடுக்கும். குளிர் காலையில் சோக்கை இழுத்துவிட்டு மறந்துபோகும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிட்டு ரிங்கை உலோகத்தோடு உலோகமாக உரசவிடும்.

ஆகவே, ஸ்பேனரை எடுப்பதற்கு முன் கம்ப்ரஷனை நீங்களே ஒரு முறை எடுங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றிவிட வேண்டும். பற்றவைக்கும் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஒருவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுவார்கள். கதவு மூடியிருந்தால் நல்ல இன்ஜினும் சீக்காளி மாதிரி எண் காட்டும். மூன்றையும் எழுதிக்கொண்ட பிறகு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். இதை ஈரச் சோதனை என்போம். இரண்டாவது சிலிண்டர் 88-இல் இருந்து 115, 120 என்று ஏறினால், ஆயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது, கசிவு ரிங் வழியாக. ஏறாமல் அப்படியே நின்றால் கசிவு பெரும்பாலும் வால்வு வழியாக.

வால்வு என்று தெரிந்தால் அப்போதும் ஹெட்டைக் கழற்ற ஓடாதீர்கள். மேல் மூடியைத் திறந்து, இன்ஜின் ஆறிய பிறகு, வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவிலான டாப்பெட் இடைவெளியை, மெல்லிய அளவுத் தகடுகளான ஃபீலர் கேஜால் பாருங்கள். வருடக்கணக்கில் ஓடும்போது வால்வு இருக்கையில் மெல்ல அமிழும், இடைவெளி இறுகிக்கொண்டே போகும். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. பூஜ்யமாகிப்போன ஒரே ஒரு டாப்பெட்டுக்காக இன்ஜினையே இறக்கச் சொன்ன கதையை என் பட்டறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினால் தீர்ந்துவிடுகிற விஷயம்.

அது சரியாக இருந்தும் 88 மாறவில்லை என்றால் ஹெட்டை எடுங்கள். இன்ஜின் காரிலேயே இருக்கட்டும். இது வீட்டில் செய்வதற்கென்றே அமைந்த வேலை. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, தண்ணீரை வடித்து, கார்புரேட்டருக்கு வரும் பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஷெட் கதவு திறந்தே இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய்த் தண்ணீர் சூடாக்கும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் மேல் புல்லியிலும் கீழ்ப் புல்லியிலும் இருக்கும் குறிகளைப் பொருத்திப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் படம் எடுத்து வையுங்கள். ஹெட் போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்நோக்கி, ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஒரு போல்ட்டை ஒரே மூச்சில் கழற்றினால் அலுமினியம் வளைந்துகொள்ளும்.

இந்த இடத்தில் அப்பாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு நூறு பக்க நோட்டும் பேனாவும் அவரிடம் கொடுத்து ஷெட்டில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது, எத்தனை நீளம், எந்த வாஷர் எந்தப் பக்கம், எல்லாவற்றையும் அவர் எழுதட்டும். இன்ஜின் வேலையில் பாதி, எழுதிவைப்பதுதான். கழற்றிய கை நான்கு வாரம் கழித்து எதையும் நினைவில் வைத்திருக்காது. வால்வுகளை ஓர் அட்டையில் துளை போட்டு வரிசையாகச் செருகி வையுங்கள். எந்த வால்வு எந்த இருக்கையில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்திருந்ததோ அதிலேயே திரும்பவும் உட்கார வேண்டும்.

வால்வு எரிந்து விளிம்பு அரித்துப் போயிருந்தால் புதிது வாங்குங்கள். இருக்கையில் பள்ளம் விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து வெட்டி வாங்குங்கள். தண்டு அதைத் தாங்கும் குழாயான கைடுக்குள் ஆடினால் கைடு மாற்றுவதையும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். மற்றபடி, லேசான தேய்மானம் என்றால் அரைக்கும் பேஸ்ட்டை விளிம்பில் மெல்லத் தடவி, உறிஞ்சுகுப்பி வைத்த கட்டையை வால்வின் முகத்தில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்துக் கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்டுங்கள். ஆரம்பத்தில் கரகரவென்று ஒலிக்கும். மணல் நசுங்க நசுங்க ஒலி மென்மையாகி, ஒரு கட்டத்தில் பட்டுத்துணி உரசுவது போல ஆகிவிடும். அப்போது தூக்கிப் பார்த்தால் இருக்கையைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். எங்கும் அறுபடாமல் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்து, வால்வையும் ஸ்பிரிங்கையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, எரியறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்து, வால்வுக்குப் பின்னால் காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டுக்குள் விரல் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் மறுபடி கடைய வேண்டியதுதான். புதிய சீல்கள் போட மறக்க வேண்டாம், உங்கள் நீலப்புகைக்கு மருந்து பெரும்பாலும் அதுதான். ஹெட்டின் அடிப்பக்கத்தில் நேர்விளிம்புச் சட்டம் வைத்து, அதற்கடியில் 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைகிறதா என்று குறுக்கும் நெடுக்குமாகப் பாருங்கள். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, அதையும் லேத்தில் சமன்படுத்த வேண்டும்.

ஹெட் வெளியே இருக்கும்போதே சிலிண்டரும் உங்களோடு பேசும். மேல் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே, முதல் ரிங் வந்து திரும்பும் இடத்தில், விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுங்கள். நகம் ஒரு படியில் தட்டி நின்றால் அதற்குக் கீழே சுவர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். நகம் வழுக்கிக்கொண்டு போய், சுவரில் தொழிற்சாலையில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் மெலிதாகத் தெரிந்தால் அந்த இன்ஜினுக்கு ஆயுசு பாக்கி இருக்கிறது. அப்படியென்றால் ஹெட்டைப் பூட்டிவிட்டு ஓட்டுங்கள். ரிங் செட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

படி இருந்தாலோ, ஈரச் சோதனையில் எண் ஏறியிருந்தாலோ அளந்து பார்க்க வேண்டும். இதற்குச் சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜும் மைக்ரோமீட்டரும் தேவை. வாங்காதீர்கள், ஒரு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள், அல்லது லேத் பட்டறையிலிருந்து ஆளை வரவழையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று மட்டத்தில், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. சிலிண்டருக்கு ஆறாக மொத்தம் பதினெட்டு எண்கள். உங்கள் இன்ஜினின் அசல் அளவு 68.5 மில்லிமீட்டர். மேலுக்கும் கீழுக்கும், அல்லது குறுக்குக்கும் நெடுக்குக்கும் 0.10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தச் சிலிண்டர் வட்டமாகவும் இல்லை, நேராகவும் இல்லை.

“ரிங் செட் மட்டும் போதுமா” என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. வட்டம் கெட்ட சிலிண்டரில் புது ரிங் போட்டால் அது சுவரோடு முழுதாக ஒட்டாது. மேலே படி இருந்தால் புது ரிங்கின் கூர்மையான விளிம்பு அதில் போய் முட்டி உடையும். உடைந்த துண்டு சுவரில் போடும் கோட்டை அதன்பிறகு யாராலும் அழிக்க முடியாது. மலிவு என்று நினைத்து ரிங் மட்டும் போட்டுவிட்டு மூன்றே மாதத்தில் மறுபடி இறக்கியவர்கள் நிறையப் பேர். அந்த வேலையை நான் யாருக்கும் செய்து கொடுப்பதில்லை. தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் லேசாக ஹோனிங் (கல்லால் சுவரை உரசிக் குறுக்குக் கோடு போடுவது) செய்துவிட்டு அதே அளவில் ரிங் போடலாம், தவறில்லை. வரம்பைத் தாண்டினால் போர் போட்டே, அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்தே ஆகவேண்டும்.

அப்போதுதான் இன்ஜின் இறங்குகிறது. சிறிய இன்ஜின்தானே என்று கையால் தூக்க முயல வேண்டாம். ஷெட்டின் கூரைக் கம்பியில் செயின் பிளாக்கை மாட்டவும் வேண்டாம், அந்தக் கம்பி கூரையின் பாரத்தைத் தாங்கப் போட்டது. தரையில் உருளும் இன்ஜின் கிரேன் வாடகைக்குக் கிடைக்கும். ஜாக்கி மட்டும் தாங்கிக்கொண்டிருக்கும் காரின் அடியில் ஒரு நிமிடம்கூடப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

பிரிப்பதும் கழுவுவதும் பூட்டுவதும் உங்கள் ஷெட்டில். போர் போடுவதும், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கைத் தேய்த்துச் சமன்செய்யும் கிரைண்டிங்கும் லேத் பட்டறையில். இந்த எல்லையை மாற்றாதீர்கள். துளைக்கும் மெஷினில் மாட்டும் ஹோனிங் கல்லை வைத்துக்கொண்டு சிலிண்டரைப் பெரிதாக்கிவிடலாம் என்று சில காணொளிகளில் காட்டுகிறார்கள். கோணலான ஓட்டைதான் கிடைக்கும்.

பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்பும்போது புது பிஸ்டன்களும் கூடவே போக வேண்டும். அசல் அளவைவிட 0.25, 0.50 மில்லிமீட்டர் பெரிதாக, ஓவர்சைஸ் அளவுகளில் வரும். அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பிப் போர் போடுவது தவறு. ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்றாற்போல் அந்தச் சிலிண்டரைப் போட வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே இருக்க வேண்டியது 0.04, 0.05 மில்லிமீட்டர் அளவிலான இடைவெளி, ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. பிஸ்டனின் தலையில் 1, 2, 3 என்று எழுதித் திருப்பித் தருகிற பட்டறை நல்ல பட்டறை. பிஸ்டனே கேட்காமல் பிளாக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிற இடத்திலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பிளாக் ரொம்பக் கெட்டிருந்தாலும் பழைய இன்ஜின் கடையில் வேறு பிளாக் வாங்க அவசரப்பட வேண்டாம். இன்ஜின் எண் உங்கள் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. எண் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதியும் பதிவும் வேண்டும். பதினைந்து வருடம் கடந்த உங்கள் காரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது அது பெரிய சிக்கலாக நிற்கும். வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் ஸ்லீவ் என்ற உள்குழாய் போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிடலாம்.

இனி கழுவுவதைப் பற்றி. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாவது வருடம். ஒரு டாக்ஸியின் கிராங்க், கிரைண்டிங் முடிந்து வந்தது. வெளியே பளபளவென்று இருந்தது. வெளியே துடைத்துவிட்டுப் பூட்டிவிட்டேன். நான்காவது நாள் அந்த டிரைவர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்தால் புது பேரிங் முழுக்க ஏர் உழுதாற்போல் கோடுகள். கிராங்க்குக்கு உள்ளே ஆயில் போகும் துளைகளில் கிரைண்டிங் பொடி தங்கியிருந்திருக்கிறது. முதல் ஸ்டார்ட்டில் ஆயில் அதை அப்படியே பேரிங்குக்குள் தள்ளிவிட்டது. செலவு முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவருக்குப் போன பத்து நாள் சவாரிக் காசையும், அந்த நாட்களில் அவர் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்த முகத்தையும் என்னால் ஈடுகட்ட முடியவில்லை. அன்றிலிருந்து எத்தனை அவசரமானாலும் கிராங்க்கை நானே கழுவுகிறேன்.

பால் புட்டி கழுவும் பிரஷ்போல ஒல்லியாக ஒன்றை எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்து, ஒவ்வொரு ஆயில் துளையிலும் விட்டு இழுங்கள். பிறகு காற்றடித்துப் பாருங்கள். கிராங்க் பிளாக்கில் உட்காரும் இடமான மெயின் ஜர்னலின் துளையில் ஊதினால், பிஸ்டன் ராடு மாட்டும் இடமான ராடு ஜர்னலின் துளையில் வெளிவர வேண்டும். பிளாக்குக்கு மண்ணெண்ணெய் போதாது. ஹோனிங் கல்லின் துகள் குறுக்குக் கோடுகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அதை அசைக்காது. வெந்நீரும் சோப்பும்தான் அசைக்கும். பாத்திரம் தேய்ப்பதுபோல நைலான் பிரஷ்ஷால் சிலிண்டரைத் தேய்த்துக் கழுவி, பழைய வெள்ளை வேட்டித் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் கறை படியும். மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை இது தொடர வேண்டும். சில சமயம் நான்கு முறை, சில சமயம் ஏழு முறை. உங்கள் ஊரில் இன்னொரு கவலையும் உண்டு. பனி மூட்டத்தில் புதிதாகப் போர் போட்ட சிலிண்டர் ஒரே இரவில் செம்பட்டையாகிவிடும். துடைத்த கையோடு ஆயில் பூசி, பிளாக்கைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

பூட்டும்போது இரண்டு அளவுகளை எடுக்காமல் போகாதீர்கள். ஒன்று, ரிங் இடைவெளி. ரிங்கை அதன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துச் சமமாக உள்ளே தள்ளி, இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை விடுங்கள். உங்கள் சிலிண்டர் விட்டத்துக்கு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதைவிடக் குறைந்தால் சூட்டில் நீண்டு, முனைகள் முட்டி, ரிங் சுவரைக் கிழிக்கும். இன்னொன்று, பேரிங் இடைவெளி. பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் மாதிரி ஒன்று கிடைக்கும். ஆயில் படாத ஜர்னல் மேல் ஒரு துண்டை நெடுக்காக வைத்து, பேரிங்கின் மூடியான கேப்பைப் போட்டு உரிய அளவுக்கு முறுக்கி, கிராங்க்கைத் திருப்பாமல் மறுபடி கழற்றுங்கள். நசுங்கிப் பட்டையான நூலின் அகலத்தை உறையில் அச்சிட்ட பட்டையோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். புது பேரிங்குக்கு 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை. இதை முதன்முதலாகச் செய்து பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்ணால் பார்த்த வியப்பு உண்டாகும். எனக்கு இன்றைக்கும் உண்டாகிறது.

கேப்புகளில் எண்ணும் அம்பும் இருக்கும். மாற்றிப் போடவோ திருப்பிப் போடவோ கூடாது. பிஸ்டன் தலையில் இருக்கும் அம்பு டைமிங் பெல்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கில் எழுத்துப் பொறித்த பக்கம் மேலே. ரிங்குகளின் வாய்கள் ஒன்றுக்கு நேராக ஒன்று வரக்கூடாது. போல்ட்டை அளந்து முறுக்கும் டார்க் ரென்ச் மட்டும் சொந்தமாக, நல்லதாக வாங்குங்கள். முறுக்கும் அளவுகளை மாருதியின் சர்வீஸ் கையேட்டிலிருந்து எடுங்கள், காணொளியிலிருந்து எடுக்காதீர்கள். கையேட்டில் கிலோகிராம்-மீட்டரில் இருந்து, ரென்ச்சில் நியூட்டன்-மீட்டர் இருந்தால் 9.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில் அறுந்துபோன போல்ட்டுகள் ஏராளம். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று கட்டமாக. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் புதிது. எல்லாம் பூட்டியதும் பிளக் போடாமல் கிராங்க் புல்லியை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்றுக் கையால் சுற்றுங்கள். எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்தி, காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன், பிளக் இல்லாமல் செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் விளக்கு அணையும்வரை விட்டுவிட்டுச் சுற்றவையுங்கள். சாதாரண மினரல் ஆயில் போதும், விலை உயர்ந்த சிந்தெட்டிக் இப்போது வேண்டாம், அது ரிங் உட்காருவதைத் தாமதப்படுத்தலாம். ஓடத் தொடங்கியதும் ஐடிலில் நிறுத்தி ரசித்துக்கொண்டிருக்காதீர்கள். கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாலைக்குக் கொண்டுபோங்கள். புது ரிங் சுவரோடு இணைவதற்குப் பாரமும் வேண்டும், ஓய்வும் வேண்டும். உங்கள் மலைப்பாதை இரண்டையும் தரும். ஏறும்போது பெரிய கியரில் திணறவிடாமல் கீழ் கியரில் மிதமாக இழுக்கவையுங்கள், இறங்கும்போது கியரிலேயே விட்டு இறக்குங்கள். முதல் நூறு கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள், ஆயிரத்தில் மறுபடியும். வடித்த ஆயிலைக் கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுக்கும் உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். உங்கள் ஓடைத் தண்ணீரைத்தான் கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள்.

முழு வேலை என்றானால் ஆறு முதல் எட்டு சனி-ஞாயிறுகள் ஆகும். கோடை விடுமுறையில் தொடங்கினால் நல்லது, பனியும் குறைவு. ஆனால் என் கணிப்பு, உங்கள் கார் ஹெட்டோடு நின்றுவிடும். ஈரச் சோதனையின் மூன்று எண்களையும், ஆறு டாப்பெட் இடைவெளிகளையும் அப்பாவின் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, ஹெட் கேஸ்கட் வாங்குவதா, பிஸ்டன் வாங்குவதா என்று எழுதுகிறேன். அதுவரை கடையில் எந்தக் கிட்டுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.